தசையழற்சி நோய் அளவீட்டின் வரலாறு

தசையழற்சி நோய் அளவீடு என்பது, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்தத் தசைகளையே தாக்குவதால் உண்டாகும் நோய்களின் கடுமையையும், அவை சிகிச்சைக்கு எந்த அளவு கட்டுப்படுகின்றன என்பதையும் எண்களால் குறிக்கும் முறையாகும். 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவரின் கண்ணும் கையும் மட்டுமே இதற்கு அளவுகோல்களாக இருந்தன. இன்று 0 முதல் 100 வரை செல்லும் ‘மொத்த முன்னேற்ற மதிப்பெண்’ பயன்பாட்டில் உள்ளது. இவை இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. இந்த நோய்கள் அரியவை. ‘நோயாளி தேறிவிட்டார்’ என்று சொல்ல எது போதும் என்பதில் நீண்ட காலம் மருத்துவர்களிடையே உடன்பாடு இல்லை. அதனால், கொடுக்கப்பட்டுவந்த மருந்துகள் உண்மையிலேயே பயன் தருகின்றனவா என்பதும் நிறுவப்படாமல் இருந்தது. அளவுகோல் உருவான வரலாறே இந்நோய்க்கான மருந்துகள் மெய்ப்பிக்கப்பட்ட வரலாறாகவும் அமைந்தது.

நோயும் அளவீட்டின் சிக்கலும்

தசையழற்சி நோய்கள் பல வகைப்படும். தோலில் சிவந்த தடிப்புகளும் தசைத் தளர்ச்சியும் சேர்ந்து வருவது தோல்தசையழற்சி. மருத்துவர்கள் இதை டெர்மடோமயோசைட்டிஸ் என்பர். தோல் பாதிப்பின்றிப் பல தசைகள் தளர்வது பன்தசையழற்சி. முதியவர்களுக்கு மெல்ல மெல்ல முற்றும் வகை இன்குளூஷன் பாடி மயோசைட்டிஸ் எனப்படுகிறது. குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பான்மையானது தோல்தசையழற்சியே.

பெரும்பாலான வகைகளில் தோள், இடுப்பு, தொடை, கழுத்து ஆகிய பகுதிகளின் தசைகளே முதலில் தளரும். நோயாளியால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாது. மாடிப்படி ஏறுவதும், தலை வாருவதும், படுக்கையிலிருந்து தலையைத் தூக்குவதும் கடினமாகும். சிலருக்கு உணவை விழுங்குவதில் இடர் ஏற்படும். சிலருக்கு நுரையீரலும் இதயமும் பாதிக்கப்படும்.

இந்நோயை அளப்பதில் உள்ள அடிப்படைச் சிக்கல், ஒரே தளர்ச்சிக்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதே. முதலாவது காரணம், தசையில் அழற்சி இன்னும் நடந்துகொண்டிருப்பது. இது நோயின் செயல்நிலை, மருந்தால் குறையக்கூடியது. இரண்டாவது காரணம், முன்பு நடந்த அழற்சியால் தசை அழிந்து, அவ்விடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்பியிருப்பது. இது நிலைத்த சேதம்; அழற்சிக்கான மருந்து இதை மாற்றாது. மூன்றாவது காரணம், சிகிச்சைக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தே தசையை மெலியச் செய்வது. முதல் காரணத்துக்கு மருந்தைக் கூட்ட வேண்டும். மூன்றாவதற்குக் குறைக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றாகக் கருதினால் சிகிச்சை நேர் எதிர்த்திசையில் போய்விடும்.

தொடக்கக் கால விவரணைகள்

ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் வாக்னர் 1863-இல் இந்நோயின் தொடக்ககால விவரணைகளுள் ஒன்றை வெளியிட்டார். ஹைன்ரிக் உன்வெரிக்ட் 1887-இல் கடும் பன்தசையழற்சி பற்றி எழுதினார். 1891-இல் டெர்மடோமயோசைட்டிஸ் என்ற பெயரை வழங்கினார். அக்கால அறிக்கைகளில் எண்கள் அரிதாகவே இருந்தன. நோயாளி எப்படி எழுந்தார், எப்போது எழ முடியாமல் போனார், எந்தத் தசை வீங்கியது, எப்படி இறந்தார் என்பவை சொற்களால் விவரிக்கப்பட்டன. பயனுள்ள சிகிச்சை எதுவும் இல்லாத காலத்தில், முன்னேற்றத்தை நுட்பமாக அளக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

கையால் அளந்த வலிமை

தசை வலிமையை எண்ணாக மாற்றும் வழி வேறொரு நோயிலிருந்து வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் இளம்பிள்ளை வாதம் பரவியது. பாஸ்டன் நகர எலும்பியல் மருத்துவர் ராபர்ட் லவெட்டும், அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும், குழந்தைகளின் ஒவ்வொரு தசையிலும் எவ்வளவு வலிமை எஞ்சியுள்ளது என்பதைக் கண்டறிய ஒரு முறையை வகுத்தனர். ரைட் 1912-இல் அது பற்றி எழுதினார். புவியீர்ப்பையே அவர்கள் எடைக்கல்லாகக் கொண்டனர். புவியீர்ப்பை எதிர்த்து நோயாளியால் கையைத் தூக்க முடிகிறதா, அதற்கு மேலும் பரிசோதிப்பவர் அழுத்தும்போது தாக்குப்பிடிக்க முடிகிறதா என்பவையே கேள்விகள். இதற்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாம் உலகப் போரில் நரம்புக் காயமுற்ற வீரர்களைப் பரிசோதிக்க, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1943-இல் ஒரு கையேட்டை வெளியிட்டது. அதில் இடம்பெற்ற 0 முதல் 5 வரையான தரவரிசை இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் கற்பது. தசையில் எந்தச் சுருக்கமும் இல்லையெனில் 0. இலேசான துடிப்பு மட்டும் எனில் 1. புவியீர்ப்பை நீக்கினால் அசைவு எனில் 2. புவியீர்ப்பை எதிர்த்த அசைவு எனில் 3. எதிர் அழுத்தத்தையும் மீறிய அசைவு எனில் 4. இயல்பான வலிமை எனில் 5.

அறுந்த நரம்பு மீண்டும் வளர்கிறதா என்று பார்க்க இது ஏற்ற முறை. தசையழற்சிக்கு அது அவ்வளவு பொருந்தவில்லை. தசையழற்சி நோயாளிகளுள் பலரின் தசைகள் தரம் 4-க்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆனால் 4 என்பது மிக அகலமான படி. சிறிதளவு எதிர்ப்பைத் தாங்குபவரும், ஏறத்தாழ இயல்பாக உள்ளவரும் அதே எண்ணைப் பெறுவர். மாதக்கணக்கில் சிகிச்சை பெற்று உண்மையாகவே வலிமை கூடிய ஒருவருக்கும் எண் மாறாமல் இருக்கலாம். இக்குறையைப் போக்க, பால்டிமோரைச் சேர்ந்த ஹென்றி கெண்டால், ஃபுளோரன்ஸ் கெண்டால் இணையர் வளர்த்தெடுத்த முறையைப் பின்பற்றி, 0 முதல் 10 வரையான தரவரிசை பின்னாளில் தசையழற்சி ஆய்வுகளில் ஏற்கப்பட்டது.

இரத்தத்தில் தெரிந்த எண்

தசைநார் சேதமடையும்போது அதனுள் இருக்கும் நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. 1950-களில் அல்டோலேஸ் என்ற நொதி தசைச் சிதைவு நோயில் உயர்வது கண்டறியப்பட்டது. 1959-இல் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷியும் அவருடைய குழுவினரும், கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி அந்நோயில் பெரிதும் உயர்வதை அறிவித்தனர். அந்தப் பரிசோதனை விரைவில் தசையழற்சிக்கும் வந்தது. சி.கே. என்ற சுருக்கப் பெயரில் இன்று அது சாதாரண ஆய்வகங்களிலும் செய்யப்படுகிறது.

மருத்துவரின் கையைச் சாராத ஓர் எண் கிடைத்தது பெரிய வசதியாக இருந்தது. பரிசோதிப்பவரின் உடல் வலு, நோயாளியின் ஊக்கம், வலி ஆகியவை அந்த எண்ணை நேரடியாக மாற்றுவதில்லை. ஆண்டனி போஹன், ஜேம்ஸ் பீட்டர் ஆகியோர் 1975-இல் வெளியிட்ட நோயறி வரையறையிலும் நொதி உயர்வு இடம்பெற்றது. இருபுறமும் ஒத்த தசைத் தளர்ச்சி, நொதி உயர்வு, தசை மின்பதிவில் மாற்றம், தசைத் துணுக்கில் அழற்சி, தோலில் குறிப்பிட்ட தடிப்பு என அவர்கள் வகுத்த ஐந்து அடையாளங்கள் பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தன. அவை ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தந்தன. நோய் எவ்வளவு கடுமையானது, அது குறைகிறதா என்ற கேள்விகளை அவை தொடவில்லை.

நொதி எண்ணுக்கும் எல்லைகள் உண்டு. தோல்தசையழற்சி தீவிரமாக இருக்கும்போதே சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சி.கே. அளவு இயல்பாக இருக்கலாம். தசை பெரிதும் அழிந்துவிட்டால் கசிவதற்கு நொதியும் மிஞ்சுவதில்லை. அப்போது எண் குறைவது நலத்தின் அறிகுறி ஆகாது. ஸ்டீராய்டு தொடங்கியதும் எண் விரைவாக இறங்கலாம். வலிமை திரும்ப வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

சிறிய ஆய்வுகளின் காலம்

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் கொடுத்து வியக்கத்தக்க பலன் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டீராய்டு மருந்துகள் தசையழற்சிக்கும் வழங்கப்பட்டன. பலர் தேறினர். அது கண்கூடாகத் தெரிந்ததால், மருந்துப்போலியுடன் ஒப்பிடும் முறையான ஆய்வு இன்றியே ஸ்டீராய்டு முதன்மைச் சிகிச்சையாக நிலைபெற்றது. எல்லோரும் தேறவில்லை, தேறியவர்களும் எலும்புத் தேய்வு, நீரிழிவு, தசை மெலிவு போன்ற பக்கவிளைவுகளுக்கு ஆளாயினர். ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் துணை மருந்துகள் தேவைப்பட்டன. அவற்றை எப்படிச் சோதிப்பது என்ற கேள்வி அப்போதுதான் கூர்மையடைந்தது.

மேயோ மருத்துவமனையில் தாமஸ் பன்ச் நடத்தி 1980-இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை நன்கு காட்டுகிறது. பன்தசையழற்சி உள்ள 16 பேருள் ஒரு பிரிவினர் ஸ்டீராய்டு மட்டும் பெற்றனர். மறு பிரிவினர் அதனுடன் அசத்தியோபிரினும் பெற்றனர். மூன்று மாத முடிவில் இரு பிரிவினரிடையே வேறுபாடு இல்லை. மருந்து பயனற்றது என்றே அந்த முடிவு காட்டியது. அதே நோயாளிகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, இரு மருந்துகளும் பெற்றவர்கள் அன்றாடச் செயல்களில் மேம்பட்டிருந்தனர். அவர்களுக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டே போதுமானதாக இருந்தது. எதை அளப்பது என்பதோடு, எப்போது அளப்பது என்பதும் முடிவை மாற்றக்கூடியது என்று இது காட்டியது.

1992-இல் ஃபிரெடரிக் மில்லரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பாடம் தந்தது. 39 நோயாளிகள் 13 பேர் கொண்ட மூன்று பிரிவுகளாக ஒதுக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு இரத்த நீர்மம் மாற்றப்பட்டது. அடுத்த பிரிவினருக்கு வெள்ளணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. மூன்றாம் பிரிவினருக்குப் போலிச் சிகிச்சை தரப்பட்டது. நீர்மம் மாற்றப்பட்டவர்களின் நொதி அளவு தெளிவாக இறங்கியது. தசை வலிமையிலோ மூன்று பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் மூவர் மட்டுமே தேறினர். நொதி எண்ணை மட்டும் நம்பியிருந்தால் பயனற்ற ஒரு சிகிச்சை வெற்றி என்று அறிவிக்கப்பட்டிருக்கும்.

அடுத்த ஆண்டே, 1993-இல், மரினோஸ் டாலகாஸ் குழுவினர் தோல்தசையழற்சி உள்ள 15 பேரிடம் நரம்புவழி இம்யூனோகுளோபுலினைச் சோதித்தனர். அங்கே வலிமையே முதன்மை அளவு. மருந்து பெற்றவர்களின் வலிமை கூடியது. மருந்துப்போலி பெற்றவர்களிடம் அவ்வாறு கூடவில்லை. ஆனால் 15 பேர் கொண்ட ஆய்வு, மருந்துக்கு அரசு ஒப்புதல் பெறப் போதுமானதாக இருக்கவில்லை. பெரிய ஆய்வுக்குப் பல நாடுகளின் நோயாளிகள் தேவைப்பட்டனர். பல நாடுகளின் மருத்துவர்கள் ஒரே மாதிரி அளந்தால்தான் அவர்களின் முடிவுகளைச் சேர்க்க முடியும்.

பொது அளவுகோலை நோக்கி

இந்தத் தேவையிலிருந்து இரண்டு பன்னாட்டுக் கூட்டமைப்புகளின் பணி பிறந்தது. ஒன்று, அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஃபிரெடரிக் மில்லர், லிசா ரைடர் ஆகியோர் முன்னின்று நடத்திய ஐமாக்ஸ். மற்றது, இத்தாலியின் ஜெனோவா நகரை மையமாகக் கொண்டு குழந்தைகளின் மூட்டுவாத நோய்களை ஆராயும் பிரிண்டோ. 1992-இல் நொதிக்கும் வலிமைக்கும் இடையிலான முரணைத் தம் ஆய்விலேயே கண்ட மில்லர், பொது அளவுகோலை உருவாக்குவதில் முன்னின்றது குறிப்பிடத்தக்கது.

ஐமாக்ஸ் 2001-இல் ஆறு அடிப்படை அளவுகளை முன்மொழிந்தது:

1. நோயின் செயல்நிலை பற்றி மருத்துவரின் ஒட்டுமொத்த மதிப்பீடு
2. நோயாளியின் அல்லது பெற்றோரின் ஒட்டுமொத்த மதிப்பீடு
3. கையால் அளந்த தசை வலிமை
4. அன்றாடச் செயல்திறன் பற்றிய வினாப்பட்டியல்
5. தசை நொதிகள்
6. தசைக்கு வெளியே நோயின் செயல்நிலை

நான்காவதாக உள்ள வினாப்பட்டியல் 1980-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃபிரைஸ் குழுவினர் முடக்குவாதத்துக்காக உருவாக்கியது. உடை உடுத்துதல், எழுதல், உண்ணுதல், நடத்தல் போன்ற செயல்களில் எவ்வளவு இடர் உள்ளது என்பதை நோயாளியே 0 முதல் 3 வரை குறிப்பார்.

தசை வலிமையை அளக்க முதலில் 26 தசைத் தொகுதிகள் சோதிக்கப்பட்டன. அதற்கு நேரம் அதிகம் பிடித்தது. தளர்ந்த நோயாளி பரிசோதனையின் பாதியிலேயே களைத்துவிடக்கூடும். பிறகு கழுத்து, தோள், மேற்கை, மணிக்கட்டு, இடுப்பின் இரண்டு தசைகள், தொடை, கணுக்கால் என எட்டுத் தொகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கழுத்தைத் தவிர ஏனையவை இருபுறமும் சோதிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் 10 வீதம் மொத்தம் 150.

செயல்நிலையையும் சேதத்தையும் பிரித்துப் பதிவுசெய்யும் தனித்தனிப் பட்டியல்கள் 2004-இல் வெளியாயின. மெலிந்துபோன தசை, இறுகிய மூட்டு, தோலடியில் படிந்த சுண்ணாம்பு போன்றவை சேதக் கணக்கில் சேர்க்கப்பட்டன. ஒரே நோயாளியின் உடலில் மாறக்கூடியது எது, மாறாதது எது என்று கேட்கும் பழக்கம் இதன் வழியாக ஆய்வுகளில் வேரூன்றியது.

குழந்தைகளை அளத்தல்

‘என் கையை முழு வலிமையோடு தள்ளு’ என்று நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பெறும் விடையை நம்ப முடியாது. ஆகவே டேனியல் லவெல் குழுவினர் 1999-இல் வெளியிட்ட அளவுகோல், குழந்தைகளிடம் 14 செயல்களைச் செய்யச் சொன்னது. படுத்தபடி தலையைத் தூக்கி எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது, காலைத் தூக்க முடிகிறதா, குப்புறத் திரும்ப முடிகிறதா, தரையிலிருந்து எழ முடிகிறதா, தரையில் கிடப்பதைக் குனிந்து எடுக்க முடிகிறதா என்று பார்த்து மதிப்பெண் இடப்படும். மொத்தம் 52.

பின்னர் நலமான குழந்தைகளையும் இதே முறையில் சோதித்தபோது, இளம் வயதினர் பலர் எல்லாச் செயல்களிலும் முழு மதிப்பெண் பெறாதது தெரிந்தது. வயதைக் கருதாமல் எண்ணை மட்டும் பார்த்தால், நோயற்ற குழந்தையைக்கூட நோயுற்றதாகக் கருத நேரிடும் என்பது இதனால் விளங்கியது.

இத்தகைய பொது அளவுகளின் துணையால் பிரிண்டோ, பல நாடுகளைச் சேர்ந்த 139 குழந்தைகளிடம் ஓர் ஆய்வை நடத்தி 2016-இல் வெளியிட்டது. ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 51% பேர் ஆறு மாதத்தில் தேறினர். உடன் சைக்ளோஸ்போரின் பெற்றவர்களில் 70% பேரும், மெத்தோட்ரெக்சேட் பெற்றவர்களில் 72% பேரும் தேறினர். அரிய நோய் ஒன்றில், ஒரே நாட்டுக்குள் சேர்க்க இயலாத எண்ணிக்கையைப் பொது அளவுகோல் சேர்த்துக் கொடுத்தது.

அளவுகோல் தடுமாறிய ஆய்வு

ஐமாக்ஸ் வகுத்த முதல் வரையறையின்படி, ஆறு அளவுகளில் ஏதேனும் மூன்று குறைந்தது 20% மேம்பட வேண்டும்; இரண்டுக்கு மேற்பட்டவை 25% மோசமடையக் கூடாது; அப்படி மோசமடைவது தசை வலிமையாக இருக்கக் கூடாது. இதற்கு ஆம் அல்லது இல்லை என்ற விடை மட்டுமே உண்டு.

இந்த வரையறையைக் கொண்டு, ரிட்டுக்சிமேப் என்ற மருந்து 200 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. செஸ்டர் ஓடிஸ் தலைமையில் நடந்த இதன் முடிவு 2013-இல் வெளியானது. மருந்து இல்லாமல் யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஒரு பிரிவினருக்கு உடனேயும் மறு பிரிவினருக்கு எட்டு வாரம் கழித்தும் மருந்து தரப்பட்டது. முன்னதாகப் பெற்றவர்கள் முன்னதாகத் தேறுவர் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. இரு பிரிவினரும் ஏறத்தாழ 20 வாரங்களில் தேறினர். வேறுபாடு எதுவும் இல்லை. ஆய்வு தன் முதன்மை இலக்கில் தோற்றது. ஆனால் நோயாளிகளுள் 83% பேர் ஏதோ ஒரு கட்டத்தில் தேறியிருந்தனர். பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய் கொண்டவர்களே இதில் சேர்க்கப்பட்டிருந்தனர் என்பதால் இது சிறிய எண் அன்று.

மருந்து பயனற்றதா, அல்லது அதன் பயனைப் பார்க்கும் வழி பிழையானதா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. மருந்து வேலை செய்ய எட்டு வாரத்துக்கும் மேல் தேவைப்பட்டிருக்கலாம். ஆம்-இல்லை வரையறையும் ஒரு தடையாக இருந்தது. மூன்று அளவுகள் சரியாக 20% கூடியவரும், ஏறத்தாழ முழு நலம் பெற்றவரும் அதில் ஒரே ‘ஆம்’.

மொத்த முன்னேற்ற மதிப்பெண்

அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரியும் அதன் ஐரோப்பிய இணை அமைப்பும் ஐமாக்ஸ், பிரிண்டோ ஆகியவற்றுடன் சேர்ந்து 2016-ஆம் ஆண்டுப் புதிய வரையறையை உருவாக்கின. அது 2017-இல் இதழ்களில் வெளியானது. ரோஹித் அகர்வால், லிசா ரைடர், நிக்கோலா ருபெர்ட்டோ ஆகியோர் அதை முன்னின்று நடத்தியவர்களுள் அடங்குவர்.

அதை உருவாக்கிய முறை கவனத்துக்குரியது. வெவ்வேறு அளவுகளில் முன்னேறிய இரு நோயாளிகளின் விவரங்களை வல்லுநர்களிடம் காட்டி, ‘இவர்களில் யார் அதிகம் தேறியவர்?’ என்று கேட்டனர். மீண்டும் மீண்டும் இத்தகைய தேர்வுகளைச் செய்யவைத்து, ஒவ்வோர் அளவுக்கும் வல்லுநர்கள் மனத்தில் தரும் முக்கியத்துவத்தைக் கணக்கிட்டனர். பெரியவர்களுக்குக் கிடைத்த உச்ச மதிப்பெண்கள் இவை:

தசை வலிமை – 32.5
மருத்துவரின் மதிப்பீடு – 20
தசைக்கு வெளியே நோயின் செயல்நிலை – 20
நோயாளியின் மதிப்பீடு – 10
அன்றாடச் செயல்திறன் – 10
தசை நொதிகள் – 7.5

இவற்றின் கூட்டுத்தொகை 100. பெரியவர்களுக்கு 20 புள்ளிகள் சிறிய முன்னேற்றம், 40 நடுத்தர முன்னேற்றம், 60 பெரிய முன்னேற்றம். குழந்தைகளுக்கு இந்த எல்லைகள் முறையே 30, 45, 70. இலக்கில் தோற்ற ரிட்டுக்சிமேப் ஆய்வின் தரவுகளே, பெரியவர்களுக்கான இந்த மதிப்பெண் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கப் பயன்பட்டன.

ஆய்வகம் தரும் எண்ணே ஐயத்துக்கு இடமற்றது என்று எண்ணுவது இயல்பு. இந்தப் பட்டியலில் அதற்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண். மருத்துவரும் நோயாளியும் நேருக்கு நேர் அமர்ந்து, ஒருவர் அழுத்த மற்றவர் தாங்கும் பழைய முறைக்கே மிக அதிகம். 1992-இல் நொதி இறங்கியும் வலிமை திரும்பாத நோயாளிகளின் நிலை, 25 ஆண்டுகள் கழித்து ஒரு மதிப்பெண் பட்டியலாக வடிவம் பெற்றது எனலாம். அதே சமயம், நோயாளியின் சொந்த மதிப்பீட்டுக்கு மருத்துவரின் மதிப்பீட்டில் பாதி மதிப்பெண்ணே தரப்பட்டிருப்பதும் இப்பட்டியலில் தெரிகிறது. தேர்வு செய்தவர்கள் மருத்துவ வல்லுநர்கள் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

அளவுகோல் தந்த பயன்

புதிய மதிப்பெண்ணைக் கொண்டு, தோல்தசையழற்சி உள்ள 95 பேரிடம் நரம்புவழி இம்யூனோகுளோபுலின் மீண்டும் சோதிக்கப்பட்டது. 16 வாரங்களில் குறைந்தது 20 புள்ளிகள் பெற்றவர்கள் மருந்துப் பிரிவில் 79%. மருந்துப்போலிப் பிரிவில் 44%. இதன் அடிப்படையில் 2021-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பெரியவர்களின் தோல்தசையழற்சிக்கு அந்தத் தயாரிப்பை அனுமதித்தது. விரிவான முடிவு 2022-இல் வெளியானது. 1993-இல் 15 பேரிடம் தென்பட்ட பயன் உறுதிப்பட ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. விலை உயர்ந்த மருந்துகளில், முறையான ஒப்புதலின்றிக் காப்பீட்டு உதவி பெறுவது நோயாளிகளுக்குக் கடினம் என்பதால், இந்தத் தாமதம் வெறும் ஆய்வுலகச் செய்தி அன்று.

மருந்துப்போலி பெற்றவர்களில் 44% பேர் தேறியதாகப் பதிவானதும் கருதத்தக்கது. 20 புள்ளிகள் என்ற எல்லை எளிதில் எட்டக்கூடியது என்பதை அது உணர்த்துகிறது. 40, 60 புள்ளிகளை எட்டியவர்கள் எத்தனை பேர் என்றும் ஆய்வுகள் தனியே தெரிவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதிப்பெண்ணில் அடங்காதவை

எல்லாத் தசையழற்சி நோயாளிகளுக்கும் இந்த மதிப்பெண் பொருந்துவதில்லை. தோல்தசையழற்சியில் சிலருக்குத் தசைத் தளர்ச்சியே இராது. தோல் மட்டும் கடுமையாகப் பாதிக்கப்படும். வலிமை 150-க்கு 150 இருப்பவர் அதற்கு மேல் முன்னேற முடியாது. இவர்களுக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் விக்டோரியா வெர்த் குழுவினர் தோலுக்கெனத் தனி அளவுகோலை உருவாக்கினர். உடலின் 15 பகுதிகளைப் பார்த்து, செயல்நிலைக்கு 100 வரையும் சேதத்துக்கு 32 வரையும் தனித்தனியே மதிப்பெண் இடப்படுகிறது.

இன்குளூஷன் பாடி மயோசைட்டிஸ் வேறு விதமான சவால். அது ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும் நோய். பிமாக்ருமேப் என்ற மருந்து 251 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2019-இல் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களின் உடலில் கொழுப்பற்ற தசைத் திரள் கூடியது. ஆனால் ஆறு நிமிடங்களில் அவர்கள் நடந்த தூரம், மருந்துப்போலி பெற்றவர்களைவிடக் கூடவில்லை. தசையின் அளவு வேறு, அதைக் கொண்டு செய்ய முடிவது வேறு என்பதை இந்த ஆய்வு மீண்டும் காட்டியது.

தாக்குப்பிடிக்கும் திறன் இன்னொரு விடுபடல். ஒரு முறை கையைத் தூக்க முடிந்தவரால் பத்து முறை தூக்க முடியாமல் போகலாம். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் ஹெலேன் அலெக்சாண்டர்சனும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட அளவுகோல், ஏழு தசைத் தொகுதிகளில் ஒரே தாளத்தில் எத்தனை முறை அசைவைத் திரும்பச் செய்ய முடிகிறது என்று எண்ணுகிறது. உடற்பயிற்சி அழற்சியைக் கூட்டும் என்ற அச்சத்தால் நோயாளிகளை ஓய்வெடுக்கச் சொல்வதே முன்பு வழக்கமாக இருந்தது. கண்காணிப்புடன் செய்யும் பயிற்சி தீங்கு செய்யாது, பயனும் தருகிறது என்று 1990-களின் இறுதியிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. அளந்து பார்த்ததால் மாறிய அறிவுரைகளுள் இதுவும் ஒன்று.

நோயாளிகளிடமே எது முக்கியம் என்று கேட்கும் முயற்சி பன்னாட்டு அளவில் பின்னரே தொடங்கியது. களைப்பு, வலி, தசையில் உணரும் தொல்லைகள், உடல் இயக்கத்தின் அளவு ஆகியவற்றை அவர்கள் முன்வைத்தனர். களைப்புக்கு ஆறு அடிப்படை அளவுகளில் தனி இடம் கிடையாது.

மதிப்பீடு

தசையழற்சி அளவீட்டின் வரலாறு, கருவிகள் மேன்மேலும் நுட்பமானதன் வரலாறு மட்டுமன்று. அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் எண் ஒன்று கிடைத்து, அது நோயாளியின் நிலையோடு பொருந்தாமல் போய், பின்னர் திருத்தப்பட்டிருக்கிறது. இன்றைய மதிப்பெண்ணில் இளம்பிள்ளை வாதக் குழந்தைகளிடம் பழகிய கைமுறை, 1950-களின் இரத்தப் பரிசோதனை, முடக்குவாதத்துக்காக எழுதப்பட்ட வினாப்பட்டியல் ஆகிய மூன்றும் சேர்ந்துள்ளன. அதற்குள் இன்னும் வராதது களைப்பு, வலி போன்றவை பற்றி நோயாளி சொல்லும் பகுதி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிந்த நாளை நோயாளி மறப்பதில்லை. அந்த நாளை எண்ணாகப் பதிவுசெய்வதே இந்த அளவுகோல்கள் அனைத்தின் நோக்கம்.